எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு

ஃபுட்பால் பூட் எது கைக்கு வந்தாலும் அப்பா முதலில் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். அந்தக் காலத்து பூட்டில் பிளாஸ்டிக் ஸ்டட் கிடையாது. வட்டமாக வெட்டிய தோல் துண்டுகளை அடுக்கி, ஆணி வைத்து அடித்தோலில் அறைந்திருப்பார்கள். ஆட ஆடத் தோல் தேயும். தேயத் தேய ஆணி மேலே ஏறும். உள்தோலைத் துளைத்துக்கொண்டு அதன் முனை எட்டிப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அப்பாவின் வலது கட்டைவிரல் நுனி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. "இங்க குத்தினா என் விரலோட போச்சு. கிரவுண்டுல குத்தினா மேட்ச்சே போச்சுடா" என்பார்.

அவர் வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்டல் சென்டரில், பூட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். பட்டாளத்து பூட்டுகளோடு ஃபுட்பால் டீமின் பூட்டுகளும் அவரிடம் வரும். அது லேசுப்பட்ட டீம் இல்லை. 1955லும் 1958லும் டெல்லிக்குப் போய் டூராண்ட் கோப்பையைத் தூக்கி வந்த டீம். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நெடுநெடுவென்ற உயரம். மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இருந்தவர். அவர் பந்தை ஒரு கையால் எடுப்பதைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். வெலிங்டனை விட்டு வந்தபின் பெரம்பூரில் ரயில்வே மதிலோரம் ஒரு சாக்கை விரித்து, இரும்புக் கட்டையும் குத்தூசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுதான் கடை. சுற்றுவட்டாரத்து டீம்கள் அத்தனையும் பூட்டையும் பந்தையும் அங்கேதான் கொண்டுவரும்.

நான் அந்தச் சாக்கில் உட்கார்ந்து மெழுகு நூல் முறுக்கி வளர்ந்தவன். பிறகு ஆட்டக்காரன் ஆனேன். லெஃப்ட் ஹாஃப். அந்த ஆட்டம்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எனக்கு வேலை வாங்கித் தந்தது. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்து வைத்தது. ஓய்வு பெற்றபின் வியாசர்பாடியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரிய போட்டியில் இந்தியா தோற்கும் ஒவ்வொரு முறையும் தெருவில் யாராவது என்னை நிறுத்திக் கேட்பார்கள்: "140 கோடி பேர்ல பதினோரு பேர் கெடைக்க மாட்டானா மாஸ்டர்?" கிடைப்பான். கிடைத்தும் இருக்கிறான். கிடைத்தவனை நாம் எப்படி ஆட வைத்தோம், எங்கே ஆட வைத்தோம், எவ்வளவு நேரம் ஆட வைத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்னிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. இந்தியா ஆடிய பெரிய மேட்ச்களில் கோல் விழுந்த நிமிடங்களை அதில் எழுதி வைக்கிறேன். முதல் வரி 31 ஜூலை 1948. லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட நிரம்பாத நேரம். இல்ஃபோர்ட் என்ற இடத்தில் பிரான்சுடன் ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். கணுக்காலில் துணிக்கட்டு மட்டும். 30வது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. 70வது நிமிடத்தில் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆனாலும் ஆட்டம் நம் பக்கம்தான் இருந்தது. 89வது நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டு ஜெயித்தது.

அந்த 70 என்ற எண்ணின் மேல் என் கண் நிற்பதற்குக் காரணம் உண்டு. அன்று நம் நாட்டில் ஃபுட்பால் மேட்ச் என்றால் 70 நிமிடம். முப்பத்தைந்தும் முப்பத்தைந்தும். கல்கத்தா லீகானாலும் மற்ற ஊர்க் கோப்பைகளானாலும் அதுதான் வழக்கம். உலகம் முழுக்க 90 நிமிடம் ஆடிக்கொண்டிருந்தது. வெயில் கொளுத்துகிற நாடு. ஆட்டக்காரன் ஆபீஸ் முடித்து வந்து ஆட வேண்டும். கிரவுண்டில் விளக்கு கிடையாது, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். எங்கள் மூத்த ஆட்டக்காரர்கள் இந்தக் காரணங்களைத்தான் சொல்வார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் வெளிநாட்டில் போய் நின்றபோது, வாழ்நாளில் ஆடிப் பழகாத இருபது நிமிடம் ஒன்று நம் டீமுக்காகக் காத்திருந்தது.

அந்த இருபது நிமிடம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் ஆடத் தொடங்கியபோதும் எங்கள் பக்கத்து டோர்னமென்ட்களில் முப்பதும் முப்பதும், மிஞ்சினால் முப்பத்தைந்தும் முப்பத்தைந்தும்தான். முதன்முதலாக 90 நிமிட மேட்ச் ஒன்றுக்கு வெளியூர் போனோம். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். எழுபது தாண்டியதும் கால்தான் முதலில் போகும் என்று நினைத்திருந்தேன். போனது கண். பந்து என்னிடம் வருவதற்கு முன்பே அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்து வைப்பது என் பழக்கம். அது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. பந்து வந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். தூக்கினால் எதிரில் ஆள் நிற்கிறான். உடனே பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டேன். அவனும் அதையேதான் செய்தான். எங்கள் பேக் இருவரும் இரண்டு கஜம் பின்னால் போய் நின்றார்கள். யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை, தானாகப் போனார்கள். முன்னே போய் நெருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது, கெண்டைக்கால் கேட்க மறுக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். திறமையில் அவர்கள் எங்களுக்கு மேலே இல்லை. அந்த நேரத்தில் எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம் இருந்தது, எங்களுக்கு இல்லை.

வெறுங்காலின் கதையும் இதே மாதிரிதான். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. பூட் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு எதிரே நம் பக்கம் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். நாடு அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில் அந்த வெற்றி ஜனங்களுக்குக் கொடுத்த நிமிர்வு சாதாரணமானதில்லை. அதனாலேயே வெறுங்கால் ஒரு பெருமையாகவும் ஆகிப்போனது. பூட் விலை அதிகம் என்பதும் உண்மை; காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து இன்னும் அடங்கும் என்பதும் உண்மை. நானே அப்படி ஆடியிருக்கிறேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் பந்தை வாங்கி நிறுத்துகிற சுகம் பூட்டில் வராது. ஆனால் ஈரப் புல்லில் வெறுங்கால் நிற்காது. பக்கத்தில் பூட் போட்டவன் பாய்ந்து வரும்போது மனசும் நிற்காது.

1952ல் ஹெல்சிங்கியில் குளிரும் ஈரமுமாக இருந்த தரையில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்தது. நம் ஒரே கோலை அகமது கான் போட்டார், அதுவும் கடைசி நேரத்தில். முந்தைய வருஷம்தான் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று, மேவாலால் போட்ட கோலில் தங்கம் வாங்கியிருந்தோம். ஒரே வருஷ இடைவெளியில் தங்கமும் பத்து கோலும். நம் ஊர்த் தரையில் நாம் ராஜா. அந்தத் தரையில் நிற்கவே முடியவில்லை. அதன்பிறகுதான் கட்டாயம் பூட் போட வேண்டும் என்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி போட்டது. பாதத்தில் குத்தும் ஆணியைப் பத்து கோல் வாங்கித்தான் கண்டுபிடித்தோம்.

நடுவில் 1950 உலகக் கோப்பை ஒன்று உண்டு. வெறுங்காலோடு ஆட ஃபிஃபா விடவில்லை, அதனால் இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லை என்று டீக்கடை முதல் டி.வி. வரை சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விலகியதால் ஆடாமலேயே தகுதி பெற்றோம். இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் இடமும் கிடைத்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில் தயாராக இருந்தது. பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் கருத்து ஒத்துவரவில்லை என்று சம்மேளனம் காரணம் சொன்னது. உள்ளே இருந்த காரணம் எளிமையானது. அன்றைக்கு அவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பை என்ன பொருள் என்றே இங்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட காலம்தான் வயிற்றெரிச்சல். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா முதல்முறையாகக் களமிறங்கியது 1985ல்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு மனிதர் ஆணியைத் தடவிப் பார்த்தார். சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு சுற்றும் பழக்கத்தை ஒழிக்க, டிரிப்ளிங் கூடாது என்று ஒரு டோர்னமென்ட் நடத்துவார். வராத காலால் மட்டும்தான் அடிக்க வேண்டும் என்று இன்னொன்று. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் பையன்களுக்கும் மாதம் ஒரு நாள் இடதுகால் ஆட்டம் உண்டு. வெளியூரில் மாட்டிக்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டியதை உள்ளூரிலேயே தெரிய வைத்த வாத்தியார் அவர்.

அவர் காலத்து நிமிடங்களைப் பாருங்கள். 1956 மெல்போர்னில் ஹங்கேரி விலகியதால் நேராகக் காலிறுதி. அங்கே நெவில் டிசூசா மூன்று கோல் போட, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோல் நம்முடையது. பிறகு நான்கு வாங்கினோம். கடைசியில் நான்காம் இடம். நான்காம் இடத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் ஹங்கேரி வராததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் நம்மைப் பத்து கோல் அடித்த அதே யூகோஸ்லாவியாவோடு பாதி ஆட்டம் தாண்டியும் சரிக்குச் சரி நின்றோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1960 ரோமில் ஹங்கேரியிடம் ஒரே கோல் வித்தியாசத்தில், 2-1 என்று தோற்றோம். பிரான்சுடன் 71வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டு முன்னிலை. 82வது நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. மறுபடியும் அந்த இருபது நிமிடம். திருச்சியிலிருந்து போன சைமன் சுந்தரராஜ் அந்த ரோம் அணியில் இருந்தார். பின்னாளில் அவர் பயிற்சியில்தான் கேரளா 1973ல் தன் முதல் சந்தோஷ் டிராஃபியை வென்றது.

பிறகு ஜகார்த்தா. 1962 செப்டம்பர் 4. ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், எதிரில் தென்கொரியா. பிரிவு ஆட்டத்தில் நம்மை 2-0 என்று வென்றிருந்த அதே அணி. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத சர்ச்சையில் இந்திய அதிகாரி ஒருவர் கருத்துச் சொல்லப்போக, ஸ்டேடியம் நிறையக் கூடியிருந்த கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கத்தியது. ரஹீம் உடம்பில் புற்றுநோய். ஜர்னைல் சிங் தலையில் தையல். பேக்காக ஆடுகிறவரை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றியிருந்தார். காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் எழுந்து வந்து கோலில் நின்றார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல். மீதி நேரமெல்லாம் கொரியா முட்டி மோதியது. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒன்று போட்டது. நம்மவர்கள் விடவில்லை. 2-1. தங்கம்.

அந்தச் செய்தி ரேடியோவில் வந்தபோது எனக்கு ஒன்பது வயசு. அப்பா கையிலிருந்த பூட்டைக் கீழே வைத்துவிட்டு, "தங்கராஜ் நின்னுட்டாருடா" என்றார். எத்தனை கோல் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஜூன் 11ஆம் தேதி ரஹீம் இறந்துபோனார். அவரோடு அவர் கற்றுவைத்ததும் போய்விட்டது. எழுதி வைக்கவோ, ஊர் ஊராக வாத்தியார்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுக்கவோ, பத்து வருஷத் திட்டமாக மாற்றவோ யாரும் முன்வரவில்லை. 1964ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். ஏற்கெனவே கொதித்திருந்த உலையின் சூடு அதுவரை வந்தது. அப்புறம் ஆறிவிட்டது. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியா ஆடவே இல்லை.

அந்த 1962 ஜகார்த்தாவிலேயே நாம் 2-0 என்று தோற்கடித்த அணி ஒன்று உண்டு. ஜப்பான். 1960லேயே ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை அவர்கள் அழைத்திருந்தார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவை வென்றார்கள். அது முடிந்ததும் 1965ல் எட்டு அணிகளோடு ஒரு தேசிய லீக் தொடங்கினார்கள். சொந்த ஊரில் ஒரு தடவை, எதிரி ஊரில் ஒரு தடவை. ஒவ்வோர் அணிக்கும் வருஷத்துக்கு 14 மேட்ச் நிச்சயம். மூன்றே வருஷத்தில், 1968 மெக்சிகோவில், ஒலிம்பிக் வெண்கலம்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒன்று. அந்த எட்டு அணிகளும் பணக்கார கிளப்கள் இல்லை. மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, யவாட்டா ஸ்டீல் என்று எல்லாம் கம்பெனி அணிகள். ஆட்டக்காரர்கள் அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். என்னைப் போலத்தான். ரயில்வே, ராணுவம், போலீஸ், பேங்க் என்று நம்மிடமும் அதே டிபார்ட்மென்ட் அணிகள்தான் இருந்தன. வேலைக்காக ஆடினார்கள், அதனால் வளரவில்லை என்று எங்களைச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலை இல்லாவிட்டால் செருப்புத் தைப்பவர் மகன் ஆடியே இருக்க மாட்டான். அவர்களுக்கும் வேலை இருந்தது, எங்களுக்கும் இருந்தது. அவர்களுக்குத் தேசிய லீக் இருந்தது, எங்களுக்கு இல்லை.

எங்களுக்கு இருந்தது நாக்-அவுட். டூராண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. ஷீல்ட், மாநிலங்களுக்கு சந்தோஷ் டிராஃபி. கீழே ஊருக்கு ஊர் நினைவுக் கோப்பைகள். மூன்று நாள் ரயிலில் போவோம், ஒரு மேட்ச் தோற்றால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவோம். நல்ல அணிக்கு மேட்ச் மேலும் கிடைக்கும். மேட்ச் அதிகம் தேவைப்படுகிற அணிக்கு ஒன்றோடு முடிந்துவிடும். ஒரு வருஷம் முழுக்க வெளி அணிகளோடு நான் ஆடியது ஒன்பது மேட்ச். மீதி நாளெல்லாம் ஆபீஸ் கிரவுண்டில் எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். கூட ஆடுகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். தெரிந்த ஆளைத் தாண்டுவதில் என்ன கற்றுக்கொள்வது? தேசிய லீக் என்று ஒன்று நம் நாட்டில் வந்தது 1996ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே ஜப்பான் தன் பழைய லீக்கை ஜே லீக் என்று முழுத்தொழில் லீக்காக மாற்றிவிட்டது. 1998ல் அது உலகக் கோப்பையில் ஆடியது.

நம் பக்கம் 1984 சிங்கப்பூர் ஆசியக் கோப்பைக்குப் பிறகு 27 வருஷம் கழித்து, 2011ல்தான் மறுபடி அந்தப் போட்டிக்குப் போக முடிந்தது. தோஹாவில் மூன்று ஆட்டத்தில் 13 கோல் வாங்கினோம். 2014ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. விளக்கு வந்தது, புல் வந்தது, சம்பளம் வந்தது. 70 நிமிட வழக்கமெல்லாம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் நோட்டின் கடைசிப் பக்கங்களை எடுத்து வாசிக்கிறேன்.

2019 ஜனவரி, ஆசியக் கோப்பை, எதிரில் பஹ்ரைன். தாய்லாந்தை 4-1 என்று வென்றிருந்ததால் டிரா செய்தாலே அடுத்த சுற்று. 91வது நிமிடத்தில் பெனால்டி கொடுத்துத் தோற்றோம். 2024 ஜனவரி, கத்தாரில் சிரியா. 76வது நிமிடத்தில் கோல் வாங்கினோம். அந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூடப் போடவில்லை. 2024 மார்ச், குவாஹாட்டி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, ஆப்கானிஸ்தான். முதல் பாதியில் முன்னிலை. 70லும் 88லும் வாங்கி 2-1 என்று தோல்வி. அதே வருஷம் ஜூன், தோஹா, எதிரில் கத்தார். 37வது நிமிடத்தில் சாங்டே போட்ட கோலில் முன்னிலை. 73வது நிமிடத்தில், கோட்டைத் தாண்டிப் போன பந்தை இழுத்து உள்ளே போட்டதை ரெஃப்ரி கோல் என்றார். அநியாயம்தான். ஆனால் 85வது நிமிடத்தில் விழுந்த கோலில் எந்த அநியாயமும் இல்லை.

எல்லாத் தோல்வியும் எழுபதுக்கு மேல்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தோமே, அதில் இரண்டு கோலும் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தவை. நிர்வாகச் சண்டையில் 2022 ஆகஸ்டில் ஃபிஃபா நம்மைத் தடை செய்ததற்கும் கெண்டைக்காலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முன்னிலையில் இருக்கும்போது நம் அணி இரண்டு கஜம் பின்வாங்குகிறதே, அந்தக் காட்சியை டி.வி.யில் பார்க்கும்போது என் கால் நடுங்குகிறது. எனக்குத் தெரிந்த காட்சி அது.

விதிப்படி 90 நிமிடம் ஆகிவிட்ட பிறகும் ஏன் இப்படி? என் கிரவுண்டுக்கு வந்தால் புரியும். இந்தத் தெருக்களிலிருந்து நந்தகுமார் சேகர் இந்திய அணி வரைக்கும் போயிருக்கிறார். திறமைக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் இங்கே ஒரு பையனின் வருஷத்தைக் கணக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர், ஏழு பேர் டோர்னமென்ட். பதினைந்து நிமிடம், பதினைந்து நிமிடம். பள்ளிக்கூடப் போட்டியென்றால் நாக்-அவுட்; நேரம் போதவில்லை என்று பாதியைக் குறைத்து விசிலடிப்பார்கள். தோற்ற பள்ளிக்கு அந்த வருஷம் அவ்வளவுதான். பதினோரு பேர் முழு கிரவுண்டில் முழு நேரம் ஆடும் மேட்ச் ஒன்றைப் பதினெட்டு வயசில்தான் பல பையன்கள் முதலில் காண்கிறார்கள். 70 நிமிட வழக்கத்தைப் பெரியவர்களிடமிருந்து எடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம்.

கோல் போடுகிற இடமும் அப்படித்தான். சுனில் சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது நாட்டுக்காக 94 கோல் போட்டிருந்தார். மறு வருஷம், நாற்பது வயசில், அவரையே திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. லீக்கில் அந்த ஒன்பதாம் நம்பர் சட்டையைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்தான் போடுகிறார். என் பையன்கள் அதைப் பார்க்கிறார்கள். "ஃபார்வேர்டு வேணாம் மாஸ்டர், விங் குடுங்க, டீம்ல எடம் கெடைக்கும்" என்று பதினான்கு வயசிலேயே சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் அழுத்தமான நேரத்தில் கோலுக்கு முன்னால் நிற்கிற பழக்கம், நிற்க விட்டால்தானே வரும்.

சுமார் ஐந்து லட்சம் பேரே உள்ள கேப் வெர்டி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தலைகளை எண்ணிப் பயனில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை நல்ல மேட்ச், எத்தனை நிமிடம் என்று எண்ண வேண்டும்.

என்னால் முடிந்தது சின்னது. மூன்று வருஷமாக அக்கம்பக்கத்து ஐந்து டீம்களைச் சேர்த்து ஒரு லீக் நடத்துகிறேன். கோப்பை கிடையாது, மாலை கிடையாது, தோற்றவனை வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. போன மாதம் பதினைந்து வயசுக்குட்பட்டோர் மேட்ச், முழு 80 நிமிடம். எழுபதை நெருங்கும்போது எங்கள் சென்டர் பேக் ஓரக்கோட்டுப் பக்கம் வந்து குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. "மாஸ்டர், மாத்திடுங்க" என்றான். அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நரம்பு இழுக்கவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன்.

"கண்ணு மங்குதாடா?"

"எப்டி மாஸ்டர் தெரியும்?"

"தெரியும். பந்து வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாரு. அத மட்டும் செய், போதும். போ."

போனான். 76வது நிமிடத்தில் அவன் பின்வாங்கி நின்றதால்தான் கோல் விழுந்தது. மேட்ச் 1-1 என்று முடிந்தது. பையன் கிரவுண்டிலேயே உட்கார்ந்து அழுதான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிப் போட்டிருந்த பூட்டை எடுத்து, பழக்கதோஷத்தில் உள்ளே கட்டைவிரலை விட்டுத் தடவினேன். இந்தக் காலத்து பூட்டில் ஆணி கிடையாது என்று தெரிந்தும்தான். வீட்டுக்குப் போய் நோட்டில் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் 76 என்று போட்டேன். அடுத்த ஞாயிறு அவன்தான் முதலில் கிரவுண்டுக்கு வந்தான்.